சாப்பிட மறுக்கும் பிள்ளையின் குணம்

அனோரெக்ஸியா நெர்வோசா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து உடல் மெலியும் மனநோய், உள்ள மகளை அழைத்து வரும் பெற்றோர் அநேகமாக இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்வார்கள். "ரொம்ப நல்ல பொண்ணு, படிப்பில் முதல், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா." அப்புறம், "இப்ப ஒரே பிடிவாதம், யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசறதில்ல."

முதலில் சொன்னது, நோய்க்கு முன்பே இருந்த குணம். எதையும் குறையில்லாமல் செய்தாக வேண்டும் என்ற கண்டிப்பு, தப்பாகிவிடுமோ என்ற பயம், வழக்கம் மாறினால் வரும் தவிப்பு: இந்த நோயாளிகளின் சிறுவயதைக் கேட்டால் இவை அடிக்கடி தென்படும். ஓர் எழுத்து கோணியதற்காக நோட்டுப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதிய பிள்ளை. 95 மார்க் வாங்கிவிட்டு, போன 5 மார்க்குக்காக அழுத பிள்ளை. இதையெல்லாம் நாம் பாராட்டித்தான் வளர்க்கிறோம். அதே கண்டிப்பு சாப்பாட்டுத் தட்டின் பக்கம் திரும்பும்போதும் முதலில் பாராட்டுதான் கிடைக்கிறது. "இளைச்சு அழகா ஆயிட்டியே" என்று சொந்தக்காரர்கள் சொல்வதை நிறுத்தினாலே பெரிய உதவி.

இரண்டாவதாகச் சொல்லும் பிடிவாதமும் ஒதுங்கலும் பெரும்பாலும் பட்டினியின் வேலை. 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து, பட்டினி மனிதரை என்ன செய்கிறது என்று பார்க்க ஓர் ஆய்வைத் தொடங்கினார். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் அரைவயிற்று உணவு. எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அந்த ஆண்கள் ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து தின்றார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து விலகினார்கள், சோர்ந்துபோனார்கள். உணவு திரும்பக் கிடைத்த பிறகும் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் பிடித்தன.

நலமாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், எடை மிகவும் குறைந்து வரும் ஒரு பெண்ணின் குணத்தை அந்த நிலையில் வைத்து எடைபோடுவது அநியாயம். "திமிர்", "நடிப்பு" என்று வீட்டில் சொல்லப்படும் வார்த்தைகள் என்னை மிகவும் வருத்துகின்றன. முதலில் உடல் தேற வேண்டும். அதன் பிறகும் தங்கியிருக்கும் குணங்களோடுதான் சிகிச்சையில் நிதானமாக வேலை செய்கிறோம்.

1979இல் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்த புலிமியா நெர்வோசாவில், அதாவது கட்டுப்பாடில்லாமல் நிறையத் தின்றுவிட்டு, எடை கூடாமலிருக்க வாந்தி எடுப்பது போன்றவற்றைச் செய்யும் நோயில், படம் கொஞ்சம் வேறு. அங்கேயும் குறை பொறுக்காத குணம் உண்டு. கூடவே சட்டென்று செயல்பட்டுவிட்டு, பின்னால் தன்னையே வெறுக்கும் போக்கும் பலரிடம் இருக்கும். எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பதால் வீட்டில் பலருக்கும் தெரியாது. ஆண்களுக்கும் இந்த நோய்கள் வருகின்றன; அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

இந்தக் குணங்கள் இருப்பவர்களுக்கெல்லாம் நோய் வந்துவிடாது. மரபணுவுக்கும் பங்கு உண்டு. தூண்டுதல் பெரும்பாலும் ஒரு டயட்டில் தொடங்குகிறது. வளர்ப்புதான் காரணம் என்று பெற்றோர் குற்ற உணர்வில் உழல வேண்டாம். வளரிளம் பிள்ளைகளுக்கான குடும்ப சிகிச்சையில், வேளாவேளைக்கு உண்ண வைக்கும் பொறுப்பைக் கொஞ்ச காலம் பெற்றோரிடமே ஒப்படைக்கிறோம்.

மாதவிடாய் நின்றுபோவது, மயக்கம், எப்போதும் குளிர்வது, சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது: இவற்றில் ஏதாவது தெரிந்தால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பொது மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுங்கள். மனநல மருத்துவரையும் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள்.