ஏசியை மாற்றுவதற்கு முன்னால் ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

மார்ச் பிறந்தால் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "சார், மாடி ரூம்ல ஒன்றரை டன் ஏசி போட்டிருக்கோம், ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ரூம் குளிரவே மாட்டேங்குது, ரெண்டு டன்னா மாத்திடலாமா?" வீடு எங்கே என்று கேட்டால் சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, சூரமங்கலம் என்று ஏதாவது ஒன்று வரும். கீழ்தளம் கட்டி முப்பது நாற்பது வருடம் ஆகியிருக்கும், மேல்தளம் பிள்ளைகள் கல்யாணத்துக்காக அப்புறம் ஏற்றியதாக இருக்கும். ஏசியைத் தொடாதீர்கள், முதலில் மொட்டை மாடித் தளத்தைப் பார்ப்போம் என்றுதான் சொல்வேன்.

இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, மாடி அறையின் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே காற்று ஓரளவு ஆறியிருக்கும், ஆனால் சீலிங் சுடும். நாலைந்து அங்குல கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரத்தில்தான் அதைக் கீழே இறக்கும். ஏசி அறைக் காற்றைக் குளிர வைக்கிறது, மேலே இருக்கிற தளம் விடிய விடிய அனலை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கம்ப்ரஸர் எப்படி நிற்கும்?

சேலம் இருக்கும் இடமும் ஒரு காரணம். ஏப்ரல் 20-ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், ஆகஸ்ட் கடைசி வாக்கில் இன்னொரு முறை வரும். அந்த மாதங்களில் சுவரைவிடத் தளம்தான் அதிகம் அடி வாங்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருப்பதால், வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று நம்பி சன்ஷேடு இல்லாமல் விட்டவர்களுக்கும் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உள்ளே வரும்.

காசு குறைவாக ஆகிற வழியை முதலில் சொல்கிறேன், சுண்ணாம்பு. பாசி படிந்து கறுத்துப்போன தளம் வெயிலை அப்படியே இழுக்கும், வெள்ளைத் தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். நீற்றிய சுண்ணாம்பை ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குப் பெவிகால் மாதிரி ஒரு பசையைக் கலந்து அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, ஈரம் இருக்கும்போதே முதல் பூச்சைக் கொடுத்து, காய்ந்தபின் அடுத்ததைக் குறுக்கே இழுக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் பொடியாக உதிர்ந்துவிடும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காரம் அதிகம். ஐப்பசி மழையில் பாதி போய்விடும் என்பது உண்மைதான், அதனால் வருடா வருடம் மாசி வாக்கில் திரும்ப அடிக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் கூல் ரூஃப் பெயின்ட் இருக்கிறது, விலை கூடுதல், சில வருடம் தாங்கும், அதையும் தூசி போகக் கழுவினால்தான் வேலை செய்யும்.

தட்டோடு பெயர்ந்து தண்ணீர் நிற்கிற வீடுகளில் வெறும் வெள்ளை போதாது. இங்கேதான் ஒரு விபரீதம் அடிக்கடி நடக்கிறது. பழைய சுண்ணாம்பு ஜல்லியை எடுக்காமல் அதன்மேலேயே புதிதாக மூன்று அங்குலம் போட்டு ஓடு பதித்து விடுகிறார்கள். சதுர அடிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடுதல் எடை, அதுவும் கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்த பழைய தளத்தின் தலையில். எடுத்துவிட்டு, வாட்டம் சரிபார்த்து, முடிந்தால் சூட்டைத் தடுக்கும் எக்ஸ்.பி.எஸ். என்ற நுரைப் பலகை வைத்து அதன்மேல் ஓடு போடச் சொல்லுங்கள். கொத்தனார் "எதுக்கு சார் வெட்டிச் செலவு" என்பார், இருக்கட்டும். கீழே ஃபால்ஸ் சீலிங் அடிப்பதைவிட இது மேல், ஏனென்றால் வெயில் தளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே தடுக்கிறது.

மாடியில் தகர ஷெட் போடுகிறவர்கள் பக்கங்களைத் திறந்தே விடுங்கள். நாலு பக்கமும் அடைத்து சாமான் அறை ஆக்கிவிட்டால் தளத்துக்குமேல் ஒரு அடுப்பை வைத்த கதைதான்.

அடுத்தது மேற்குப் பக்கம். உள்ளே கனமான திரை தொங்கவிடுவதால் வெளிச்சம்தான் குறையும், கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு அறைக்குள்தான் இருக்கும். மூங்கில் தட்டியோ பச்சை வலையோ எதுவானாலும் ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். காலை ஒன்பதரைக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இருட்டியபின் எல்லாவற்றையும் திறந்து, உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவிட்டால் சுவர் விடிவதற்குள் ஆறும். நம் பாட்டிமார்கள் செய்ததுதான், எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் புதிது.

தொட்டிக்கட்டு வீடு வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மழை வருகிறது, குரங்கு வருகிறது என்று முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள், சூடான காற்று மேலேறிப் போகிற ஒரே வழி அத்தோடு போகிறது. கம்பி வலை போடுங்கள், ஷீட் வேண்டும் என்றால் சுற்றிலும் ஒரு அடி இடைவெளி விட்டு உயர்த்திப் போடுங்கள். தேக்கு விட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் அதை இடிக்க அவசரப்படாதீர்கள், வெறும் கான்கிரீட்டைவிட வெயிலுக்கு எவ்வளவோ தேவலை. சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமென்ட் பூசவும் கூடாது. உள்ளே ஓதம் தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக விழும். ஏற்காட்டில் பழைய கல் வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே பிரச்சினையே வெயில் இல்லை, பனியும் ஈரமும்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகு கரண்ட் கணக்குக்கு வாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே வேகம் கொடுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுகிற ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட்டுக்கு மேல் குறையும். தறி ஓடுகிற வீடுகளில் எத்தனை ஃபேன் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஏசியை 24-க்குக் கீழே இறக்காதீர்கள், ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு.

சோலார் பற்றிக் கேட்பவர்களுக்கு: வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு 2024-இல் கொண்டுவந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, பேனல் தரும் நிழலால் தளமும் குளிரும். போடுகிறவர்கள் கால் ஊன்றத் தளத்தில் துளை போட வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கான்கிரீட் கட்டையின்மேல் நிறுத்தச் சொல்லுங்கள், ஆனி ஆடிக் காற்றுக்குத் தாங்குகிற எடையில். ஒழுகல், விரிசல் எதுவாக இருந்தாலும் அதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள், பேனல் ஏறிய பிறகு அடியில் கொத்தனாரால் உட்காரக்கூட முடியாது.