புயல் இல்லையென்றால் பயமில்லையா?

வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், நவம்பர் பிறந்தால் தொலைபேசி ஓயாது. கேள்வி ஒன்றுதான்: "சார், புயல் வருதா?" "புயல் இல்லைங்க, தாழ்வுப் பகுதிதான்" என்றதும் "அப்பாடா!" என்று வைத்துவிடுவார்கள். அந்த "அப்பாடா"வை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற வரிசை காற்றின் வேகத்தை வைத்துப் போட்டது. மணிக்கு 31 கி.மீ. வேகம் வந்தால் தாழ்வு மண்டலம், 50 வந்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 வந்தால் புயல். அப்போதுதான் பெயரும் வைப்பார்கள். எவ்வளவு மழை கொட்டும் என்பதை இந்த வரிசை சொல்லாது.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்கள் மூழ்கினவே, அது எந்தப் புயல்? புயலே இல்லை. குமரிக்கடல் பக்கம் இருந்த மேலடுக்குச் சுழற்சி, அதாவது வானில் மேலே காற்று சுழல்வது, அவ்வளவுதான். மேலே சொன்ன வரிசையில் முதல் படிக்குக்கூட அது வரவில்லை. காயல்பட்டினத்தில் 18ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது.

95 செ.மீ. என்றால் எவ்வளவு தண்ணீர்? 1 செ.மீ. மழை பெய்தால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் அன்றைக்கு விழுந்தது சுமார் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு வந்து கொட்டினாலும் அந்த அளவு வராது.

அதனால் அறிக்கையில் மழைக்கான சொல்லைத் தேடிப் படியுங்கள். 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. "ஓரிரு இடங்களில்" என்று போட்டிருந்தால் லேசான மழை என்று அர்த்தமில்லை. அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால்பங்குக்குள் அப்படிப் பெய்யலாம் என்பதே பொருள். அந்த ஓரிரு இடத்தில் உங்கள் தெருவும் இருக்கலாம்.

அப்புறம் அறிக்கையில் வரும் எச்சரிக்கை நிறங்கள். மஞ்சள் என்றால் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு வந்தால் தயாராக வேண்டும்: மாத்திரை, ரேஷன் கார்டு, பத்திரங்களை அன்றைக்கே உயரத்தில் எடுத்து வையுங்கள், செல்போனுக்கு முழு சார்ஜ் ஏற்றுங்கள், தாழ்வான இடத்தில் வீடு என்றால் எங்கே போய்த் தங்குவது என்று பேசி முடியுங்கள். சிவப்பு வந்த பிறகு யோசிக்க நேரமிருக்காது. கிளம்பச் சொன்னால் உடனே கிளம்பிவிடுங்கள்.