தீபாவளி நைட் ஏன் எனக்கே விழுகிறது?

ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எழுதிக் கேட்டிருந்தார். தனியார் மருத்துவமனை, 14 பேர் வேலை பார்க்கும் வார்டு. "முன்னாடியெல்லாம் இன்சார்ஜ் சிஸ்டர் நோட்டுல ஸ்கேல் வச்சு கோடு போட்டு டூட்டி லிஸ்ட் எழுதுவாங்க. அவங்களுக்கு வேண்டியவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஆஃப் விழும், எங்களுக்கு விழாது. சரி, மனுஷங்கதானேன்னு விட்டுட்டோம். இப்போ சாஃப்ட்வேர் வந்திருக்கு. ரெண்டு வருஷமா தீபாவளி நைட் எனக்குத்தான். கேட்டா 'கம்ப்யூட்டர் போட்டது, நான் என்ன பண்ண'ங்கறாங்க. கம்ப்யூட்டருக்குமா வேண்டியவங்க வேண்டாதவங்க?"

இல்லை. ஆனால் இப்படி நடப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது, அதை ஒரு பேப்பரில் கூட்டிக் கழித்தே காட்டிவிடலாம்.

முதலில் வேலையின் அளவைப் பார்த்துவிடுவோம். அவர் வார்டில் காலை டூட்டி 7 முதல் 2, மதியம் 2 முதல் 8, நைட் 8 முதல் மறுநாள் காலை 7. காலையில் 4 பேர், மதியம் 3, நைட் 3. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் காலை, மதியம், நைட், ஆஃப் என்று நாலில் ஒன்று. 14 பேர், 30 நாள் என்றால் 420 கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் நாலு விதமாக நிரப்பலாம். 4-ஐ 420 தடவை பெருக்கினால் 253 இலக்க எண் வருகிறது. கண்ணுக்கெட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை 80 இலக்கத்தைச் சுற்றித்தான் இருக்கும் என்பது இயற்பியல்காரர்கள் கணக்கு. ஆக, எல்லா லிஸ்ட்டையும் போட்டுப் பார்த்து நல்லதை எடுப்பது எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து பென்சிலால் இதைச் செய்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது, வேண்டியவர்களுக்கு ஆஃப் போட்டாலும்.

சாஃப்ட்வேருக்கு விதிகளை இரண்டு வகையாகக் கொடுப்பார்கள். மீறவே கூடாதவை ஒரு வகை: நைட் முடித்தவரை அன்றைக்கே காலை டூட்டிக்குப் போடக்கூடாது, ஐ.சி.யூ. பயிற்சி இல்லாதவரை அங்கே அனுப்பக்கூடாது, வாரம் ஒரு ஆஃப், தொடர்ந்து மூன்று நைட் பார்த்தால் அடுத்தது நைட் ஆஃப், அதாவது வார ஆஃப் போக ஒரு நாள் ஓய்வு. இன்னொரு வகையை மீறலாம், ஆனால் ஒவ்வொரு மீறலுக்கும் அந்த லிஸ்ட்டின் கணக்கில் ஃபைன் ஏறும்: கேட்ட தேதியில் லீவு, மதியம் டூட்டிக்கு மறுநாளே காலை டூட்டி வேண்டாம், இப்படி. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் 11 மணி நேர ஓய்வு வேண்டும். இந்த வார்டில் இரவு 8-க்கு இறங்கி காலை 7-க்கு ஏறினால் பேப்பரில் சரியாக 11 மணி நேரம்தான். ஹேண்டிங் ஓவர் முடித்து, பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும் நேரத்தை யார் எண்ணுவது? டூட்டி சுழற்சி காலை, மதியம், நைட் என்று முன்னோக்கிப் போவதும் முக்கியம். நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதால் தள்ளித் தூங்குவது சுலபம், முன்னதாகத் தூங்குவது கஷ்டம். ஃபைன் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே ஒரு எண். அந்த எண் எந்த லிஸ்ட்டுக்குக் குறைவோ அதுதான் நல்ல லிஸ்ட். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த இடம். "நைட் டூட்டியைச் சமமாகப் பங்கிடு" என்பதை ஒரு எண்ணாக எப்படி மாற்றுவது?

ஒரு நைட்டுக்கு ஒரு ரூபாய் ஃபைன் என்று வைத்துப் பாருங்கள். ஒருவர் 12 நைட், இன்னொருவர் 4 நைட். மொத்தம் 16 ரூபாய். ஆளுக்கு 8 என்று பிரித்தாலும் அதே 16. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், பாவம், அது எப்படிக் கண்டுபிடிக்கும்? இப்போது ஒரு சின்ன மாற்றம். நைட்டுகளை எண்ணி அந்த எண்ணை அதனாலேயே பெருக்குங்கள், அதாவது வர்க்கம் போடுங்கள். 12-ம் 4-ம்: 144 கூட்டல் 16, மொத்தம் 160. எட்டும் எட்டும்: 64 கூட்டல் 64, மொத்தம் 128. அவ்வளவுதான், எட்டாம் வகுப்புக் கணக்கு. 12 நைட்காரரிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து 4 நைட்காரருக்குக் கொடுத்தால் 121 கூட்டல் 25, அதாவது 146. ஒரே மாற்றத்தில் 14 குறைகிறது. அடுத்த மாற்றத்தில் 10 குறையும், அப்புறம் 6, அப்புறம் 2. எட்டுக்கு எட்டு வந்தபின் இன்னொன்றை மாற்றினால் கூடத்தான் செய்யும், எனவே அங்கேயே நின்றுவிடும். அதிகம் சுமப்பவரிடமிருந்து முதலில் எடுக்கும்போதுதான் லாபம் அதிகம் என்பதால், யார் பாவம் யார் சௌகரியமாக இருக்கிறார் என்று எதுவுமே தெரியாத ஒரு நிரல் அதிகமாகக் கஷ்டப்படுபவரிடமிருந்தே சுமையை இறக்கத் தொடங்குகிறது. நான் இதை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்த அன்று, தெருமுனை டீக்கடையில் கிடைத்த ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, அப்படியென்றால் நம் நர்ஸுக்கு ஏன் அநியாயம்?

அந்த வார்டின் கணக்கையே எடுப்போம். ஒரு நாளைக்கு 3 பேர், 30 நாள், மொத்தம் 90 நைட். ஒருவருக்குத் தொடர்ந்து மூன்று நைட் ஒரு செட்டாகப் போடுவதால் 30 செட். 14 பேருக்கு ஆளுக்கு 2 செட் என்றால் 28. இரண்டு செட் மிச்சம். ஒவ்வொரு மாதமும் யாரோ இரண்டு பேர் மூன்றாவது செட் பார்த்தே ஆகவேண்டும், இதில் யார் மேலும் தப்பில்லை. 12 பேருக்கு 2 செட், 2 பேருக்கு 3 செட்: வர்க்கங்களின் கூட்டுத்தொகை 48 கூட்டல் 18, அதாவது 66. அந்த இரண்டு பேர் யாராக இருந்தாலும் 66தான்! கம்ப்யூட்டருக்கு எல்லாம் சமம். சமமானவற்றில் எதையாவது எடுக்க வேண்டும். பல நிரல்கள் முதலில் கண்ணில் பட்டதை எடுக்கும். அது பெயர் வரிசையாக இருக்கலாம், எம்ப்ளாயி நம்பர் வரிசையாக இருக்கலாம். அடுத்த மாதம் அதே பட்டியல், அதே வரிசை, அதே இரண்டு பேர். ஒரு வருஷத்தில் அவர்கள் இருவருக்கும் ஆளுக்கு 12 செட் அதிகம், அதாவது 36 நைட். மாத லிஸ்ட்டை மட்டும் பார்த்தால் எந்த மாதத்திலும் குறை சொல்ல முடியாது என்பதுதான் இதில் கொடுமை.

இதற்கு மருந்து நினைவு. போன மாதம் வரை யார் எத்தனை பார்த்தார் என்ற இருப்பைச் சேர்த்து வர்க்கம் போடச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதமும் அதே இரண்டு பேர் என்றால் அவர்களுக்கு 6 செட், மற்ற 12 பேருக்கு 4 செட்: 72 கூட்டல் 192, மொத்தம் 264. வேறு இரண்டு பேரைப் போட்டால் 4 பேருக்கு 5 செட், 10 பேருக்கு 4 செட்: 100 கூட்டல் 160, மொத்தம் 260. நாலே நாலு வித்தியாசம். ஆனால் கம்ப்யூட்டருக்கு நாலு போதும், உடனே ஆளை மாற்றிவிடும். இருப்பைச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அதற்கு எல்லாம் மறந்துவிடுகிறது. உங்கள் வருஷக் கஷ்டம் அதன் கணக்கில் பூஜ்யம்.

தீபாவளியும் இதே கதைதான். தீபாவளி நைட்டை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நைட் போல ஒன்று என்று எண்ணினால், இரண்டு வருஷம் தீபாவளியன்று வார்டில் இருந்தவரும், ஆடி மாதச் செவ்வாயில் இருந்தவரும் ஒன்றுதான். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் நைட்டுகளுக்குத் தனி இருப்பு வைத்து, அதைக் குறைந்தது மூன்று நாலு வருஷம் நினைவில் வைக்கச் சொல்ல வேண்டும். நான் அவரிடம் கேட்கச் சொன்னது இந்த இரண்டைத்தான். பதில் வந்தது: சாஃப்ட்வேரில் இரண்டுக்குமே இடம் இருந்ததாம், போட்டுக்கொடுக்க வந்தவர் அதைத் திறக்கவே இல்லையாம்.

சரி, குறைந்த எண் உள்ள லிஸ்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? பல வழி உண்டு, ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏதோ ஒரு லிஸ்ட்டில் ஆரம்பித்து, நீங்கள் சக நர்ஸிடம் டூட்டி மாற்றிக்கொள்வது போலவே அதுவும் இரண்டு கட்டங்களை மாற்றிப் பார்க்கும். ஃபைன் குறைந்தால் வைத்துக்கொள்ளும். கூடினால்? விட்டுவிட வேண்டும் என்றுதான் தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் சீக்கிரமே ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றுவிடும். எந்த ஒரு மாற்றமும் லாபம் தராது, ஆனால் மூன்று மாற்றம் சேர்ந்தால் தரும் என்கிற நிலை. அதனால் ஆரம்பத்தில் நஷ்டமான மாற்றத்தையும் அவ்வப்போது ஏற்றுக்கொள்ளும். கர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி என்ற மூவர் 1983-ல் சயின்ஸ் இதழில் எழுதிய யோசனை இது. காய்ச்சிய உலோகத்தை மெதுவாக ஆறவிட்டால் அணுக்கள் ஒழுங்காக அமர்கின்றன அல்லவா, அதைக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். நஷ்டத்தை எவ்வளவு பொறுக்கலாம் என்று சொல்லும் ஒரு எண்தான் இங்கே 'வெப்பம்', போகப் போக அதைக் குறைப்பார்கள். அது 10 என்று இருக்கும்போது ஃபைனை 5 கூட்டும் மாற்றத்தை நூற்றுக்கு 60 தடவை ஏற்கும். வெப்பம் 1-க்கு இறங்கியதும் நூற்றுக்கு ஒரு தடவைகூட ஏற்காது. ஆறிப்போன லிஸ்ட்தான் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறது.

2010-ல் நர்ஸ் டூட்டி லிஸ்ட் போடுவதற்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது என்றால் நம்புவீர்களா? அங்கே இது மதிப்பான ஆராய்ச்சி. இங்கே பொறியியல் கல்லூரிகளில் வருஷா வருஷம் கடைசி வருட புராஜெக்ட்டாக 'ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்' செய்கிறார்கள்: ஒரு லாகின் பக்கம், நோயாளி பதிவு, பில் பிரிண்ட். இப்படிப்பட்ட கணக்குகளைத் தீர்க்கும் கூகுளின் ஓ.ஆர். டூல்ஸ் என்ற சாஃப்ட்வேர் இலவசம், அதன் உதவிப் பக்கத்திலேயே நர்ஸ் டூட்டி உதாரணம் இருக்கிறது. பக்கத்து அரசு மருத்துவமனையின் ஒரு வார்டுக்கு இதைச் செய்துகொடுக்க ஒரு மாணவருக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அமாவாசை நைட் வேண்டாம் என்பவர்கள் எல்லா வார்டிலும் இருப்பார்கள். பௌர்ணமியன்று கேஸ் அதிகம் வரும் என்பவர்களும் உண்டு. அப்படி வருகிறதா என்று பல நாடுகளில் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தும் நிலைத்து நிற்கும் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் எனக்கு அமாவாசைக்காரர்கள் மேல் கோபமில்லை, அது ஒரு விருப்பம், ஃபைன் பட்டியலில் சேர்த்துவிடலாம். கவலையெல்லாம் புதிய மூடநம்பிக்கை மேல்தான். கிளி சீட்டு எடுத்தால் அதை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லையே, அதைப்போல "கம்ப்யூட்டர் போட்டது" என்றதும் வாய் அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு ஃபைனின் தொகையையும் ஒரு ஆள்தான் உட்கார்ந்து தட்டினார். நிறைய விருப்பம் எழுதிக் கொடுப்பவருக்கு நிறைய நிறைவேறும், வாயில்லாத பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்கும் மறுக்கப்பட்ட விருப்பங்களை ஆளுக்காள் எண்ணி வர்க்கம் போட வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் அது செய்யும்.

கடைசியாக, சாஃப்ட்வேர் தரக்கூடியவற்றிலேயே விலைமதிப்பான பதில் "முடியாது" என்பது. அவர் வார்டில் ஒரு நாளைக்கு 10 டூட்டி, மாதம் 300. 14 பேர், வார ஆஃப் நாலு போக ஆளுக்கு 26 நாள், மொத்தம் 364. 30 செட் நைட்டுக்கு 30 நைட் ஆஃப் கழித்தால் 334. லீவுக்கும் காய்ச்சலுக்கும் 34 நாள் கையில் இருக்கிறது, ஓடிவிடும். இப்போது இரண்டு பேர் பிரசவ விடுப்பில் போகிறார்கள் என்று வையுங்கள். 12 பேர், 312, நைட் ஆஃப் போக 282. தேவை 300. பதினெட்டுக் குறைகிறது. 12 பேரை வைத்துப் போடக்கூடிய அத்தனை லிஸ்ட்டுகளில் ஒன்றுகூட விதிக்குள் அடங்காது. நேர்மையான நிரல் இங்கே கையை விரித்துவிடும். ஆனால் பல இடங்களில் அப்படி விரித்தால் வாங்கியவர் திட்டுவார் என்று ஆஃப் விதியையே ஃபைன் பக்கம் நகர்த்திவிடுகிறார்கள். லிஸ்ட் அழகாக வந்துவிடும், உள்ளே பார்த்தால் யாருக்கோ ஆஃப் கட், யாருக்கோ டபுள் டூட்டி.

அந்த நர்ஸின் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது இதுதான்: போன மாதம் முதல் இரண்டு பேர் பிரசவ விடுப்பில், பதிலுக்கு ஆள் போடவில்லை. சட்டப்படி அது 26 வாரம் வரை போகும். அந்தப் பதினெட்டை, கூட்டல் கழித்தலோடு, ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.