ஸ்டீம்பங்க்: தமிழில் என்னவென்று சொல்வது?

நீராவி எந்திரக் காலத்தை வைத்துக் கற்பனை செய்யும் கதைவகை ஒன்றின் ஆங்கிலப் பெயரான ‘ஸ்டீம்பங்க்’கைத் தமிழில் எழுதியவுடன் பலருக்குப் பெட்ரோல் பங்க்தான் நினைவுக்கு வரும். நம் எழுத்தில் இரண்டு பங்க்கும் ஒன்றுபோலத் தெரிகின்றன. உறவு எதுவும் கிடையாது.

ஸ்டீம்பங்க்கில் உள்ள பங்க் (punk), ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் பரத்தையைக் குறித்த சொல். பிறகு சில்லறைப் போக்கிரியைக் குறித்தது. 1970களில் ஒரு முரட்டு இசைக்கும் அதைப் பின்பற்றிய இளைஞர்களுக்கும் பெயராயிற்று. 1983இல் புரூஸ் பெத்கே தன் சிறுகதைக்கு ‘சைபர்பங்க்’ என்று தலைப்பிட, கணினியும் குற்றமும் பின்னிய அறிவியல் புனைவுக்கே அது பெயராக நின்றுவிட்டது.

அதைப் பார்த்துச் செய்த சொல்தான் ஸ்டீம்பங்க். அறிவியல் புனைவு உலகின் செய்திகளைத் தரும் ‘லோகஸ்’ இதழில், 1987 ஏப்ரலில், அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டரின் கடிதம் ஒன்று வந்தது. அவரும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் விக்டோரியா காலத்து இங்கிலாந்தை வைத்து விசித்திரக் கதைகள் எழுதிவந்த சமயம். எங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும், அந்தக் காலத் தொழில்நுட்பத்தை ஒட்டி ‘ஸ்டீம்பங்க்ஸ்’ என்பதுபோல வைக்கலாமே என்று விளையாட்டாக எழுதியிருந்தார். அவர் பெயர் தேடியது எழுதுகிற ஆட்களுக்கு. கதைகளுக்கு அந்தப் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழாக்கம் செய்யும்போது இதை மறக்கக் கூடாது.

பொருள் என்ன? நீராவியும் பல்சக்கரமும் ஆண்ட 19ஆம் நூற்றாண்டு, வேறு தடத்தில் போயிருந்தால் என்ற கற்பனை. 1821இல் வானியல் அட்டவணைகளில் பிழை பார்த்துச் சலித்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ், இந்தக் கணக்கையெல்லாம் நீராவி போட்டிருக்கக் கூடாதா என்று புலம்பினாராம். அவர் வடிவமைத்த ‘டிஃபரன்ஸ் எஞ்சின்’ என்ற கணக்குப்பொறி அவர் காலத்தில் முழுமை பெறவில்லை. பெற்றிருந்தால்? வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் எழுதிய ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ நாவல் அங்கிருந்துதான் புறப்படுகிறது. 1855ஆம் ஆண்டு லண்டன். கவிஞர் பைரன் பிரதமர். கணக்குப்பொறிக்குக் கட்டளை தரும் துளையிட்ட அட்டைகள் அடங்கிய ஒரு பெட்டிக்காக ஆட்கள் துரத்துகிறார்கள், கொலையும் விழுகிறது.

இத்தகைய துப்பறியும் நாவலின் ருசியே தனி. ஒரு துப்பு குற்றவாளியை நோக்கி. இன்னொரு துப்பு, வரலாறு எந்த இடத்தில் திசை மாறியது என்பதை நோக்கி. பைரன் பிரதமர் என்று போகிறபோக்கில் ஒரு வரி வரும்போது, நிஜத்தில் அவர் 1824இலேயே கிரேக்கத்தில் இறந்துவிட்டாரே என்று மனம் நிமிர்ந்து உட்காரும். இரண்டாவது துப்பைக் கதையில் யாரும் தேடுவதில்லை. அது வாசகருக்கு மட்டுமே வைத்தது. எனக்குக் கொலையாளியைக் கண்டுபிடிப்பதைவிட அதுவே பெரிய இன்பம்.

இனி தமிழ்ச் சொல். வரலாறு வேறு தடத்தில் போவதாகக் கற்பனை செய்யும் கதைகளை ‘மாற்று வரலாறு’ என்பதில் சிக்கல் இல்லை. பங்க்கைத்தான் என்ன செய்வது? ‘நீராவிக் கலகம்’ என்றால் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இந்த வகையில் பல கதைகளில் கலகமே கிடையாது. மேலும், சைபர்பங்க்கின் வாலாக வந்த பங்க் அது. அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் தேடுவது வீண். ‘ஆவிப்புனைவு’ என்று சுருக்கினால் பேய்க்கதை என்று கையில் எடுத்து ஏமாறுவார்கள். ஆகவே ‘நீராவிப்புனைவு’ என்பேன், நடுவில் ‘ப்’ விடாமல். மூச்சு, உயிர், புகை எல்லாமே ‘ஆவி’யில் அடக்கம், பெருமூச்சு விட்டு இயங்கும் எந்திரங்களின் கதைக்கு ஆங்கிலச் சொல்லில் இல்லாத பொருத்தம் அது. இந்தக் கதைகளை ஒட்டி, பித்தளைச் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடியும் பல்சக்கரப் பதக்கமும் அணியும் உடைப்பாணிக்கு மட்டும் ‘ஸ்டீம்பங்க்’ அப்படியே இருக்கட்டும். நூலகத்தில் கேட்கும்போது ‘நீராவிப்புனைவில் துப்பறியும் நாவல் இருக்கிறதா?’ என்று கேளுங்கள்.