நீலக்கல்லுக்குத் தொப்பை ஏன்?

ஒரு நீலக்கல்லை அச்சடித்த தாளின் மேல் வைத்து, நேர் மேலேயிருந்து பாருங்கள். கல்லின் நடுவில் கீழேயுள்ள எழுத்து தெரிந்தால், அதில் 'விண்டோ' இருக்கிறது என்பார்கள் வியாபாரிகள். உள்ளே போன ஒளி கண்ணுக்குத் திரும்பி வராமல் அடிவழியே ஓடிவிடுகிறது. அதனால் ஓரங்களில் நீலம் மின்னும், நடுவில் தண்ணீர் கலந்ததுபோல வெளிறிக் கிடக்கும்.

இலங்கையில் பட்டை தீட்டிய பழைய கற்களில் இது அடிக்கடி கண்ணில் படும். கூடவே கல்லின் அடிப்பாகமும் தொப்பை போட்டிருக்கும். மேலைநாட்டு வியாபாரிகள் இதற்கு 'நேட்டிவ் கட்', அதாவது உள்ளூர்க்காரர் வெட்டு, என்று பெயர் வைத்தார்கள். 'பாவம், இவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும்' என்கிற இளக்காரம் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நியாயமில்லை என்பது என் கருத்து. தீட்டியவருக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். அவர் போட்ட கணக்கு வேறு, அவ்வளவுதான்.

முதலில் ஒளியின் கணக்கைப் பார்ப்போம். நீலக்கல்லும் மாணிக்கமும் ஒரே கனிமம், குருந்தம். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.76. கல்லுக்குள் போகும் ஒளி அடிப்பட்டையில் 34.6 டிகிரிக்கு மேல் சாய்வாக மோதினால் வெளியேற முடியாது, கண்ணாடியில் பட்டதுபோல முழுதாகத் திரும்பும். பள்ளிக்கூடத்தில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இது. அந்த 34.6 டிகிரிதான் குருந்தத்தின் மாறுநிலைக் கோணம். வைரத்துக்கு 24.4 டிகிரி போதும், அதனால் வைரம் கொஞ்சம் பிசகித் தீட்டினாலும் மன்னித்துவிடும். ஸ்படிகத்துக்கு 40 டிகிரிக்கு மேல் வேண்டும், அது மன்னிக்கவே மன்னிக்காது. நேராக உள்ளே இறங்கும் ஒளிக்கு, அடிப்பட்டையின் சாய்வு எவ்வளவோ அதுவே மோதும் கோணம். எனவே நீலக்கல்லின் அடிப்பட்டைகளை 40, 42 டிகிரியில் வைத்தால் ஒளி தப்பாது.

தொப்பைக்கல்லில் என்ன நடக்கிறது? கல்லின் இடுப்புக்கு, அதாவது மிக அகலமான விளிம்புக்கு, கீழே சுவர் செங்குத்தாக இறங்கி, அடியில் போய் ஒரேயடியாகத் தட்டையாகிறது. அந்தத் தட்டையான இடத்தில் சாய்வு 34 டிகிரிக்கும் குறைவு. விண்டோ பிறப்பது அங்கேதான்.

சரி, சுவரை நேராகவே சரித்துத் தீட்டினால் என்ன? எடை போய்விடும். கல் விற்பது காரட் கணக்கில், ஒரு காரட் என்பது 0.2 கிராம். தொப்பையில் இருப்பதும் நீலக்கல்தான், அதற்கும் அதே விலைதான். நம் ஊரில் ஜோசியர் ராசிக்கல்லைச் சொல்லும்போதும் 'இத்தனை காரட்' என்றுதான் சொல்கிறார், இத்தனை டிகிரி என்று யாரும் சொல்வதில்லை.

எடையைவிடச் சுவாரசியமானது நிறத்தின் கணக்கு. இலங்கை நீலக்கற்களில் பலவற்றில் நிறம் சமமாகப் பரவியிருக்காது, ஒரு மூலையில் மட்டும் மை கொட்டியதுபோலத் திட்டாக நிற்கும், மீதி வெள்ளை. கெட்டிக்காரத் தொழிலாளி அந்தத் திட்டைக் கல்லின் அடிமுனைக்குக் கொண்டுவந்து விடுவார். உள்ளே போகும் ஒளி திரும்பும் வழியில் அந்தத் திட்டைக் கடந்தே வர வேண்டியிருப்பதால், மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலம். பக்கவாட்டில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அடியைச் சரியான கோணத்துக்குச் செதுக்கப் போனால் இந்தத் திட்டே பறிபோகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீலக்கல் படிகம் பார்க்கும் திசைக்கேற்ப நிறம் மாறும். அதன் நீள அச்சு வழியாகப் பார்த்தால் நல்ல நீலம், குறுக்கே பார்த்தால் பச்சை கலந்த நீலம். இலங்கைப் படிகங்களோ பெரும்பாலும் நூற்கதிர்போல அந்த அச்சில்தான் நீண்டு வளர்ந்திருக்கும். நிறம் வேண்டுமென்றால் நிற்கவைத்துத் தீட்ட வேண்டும், அப்போது முகம் சிறுத்துக் கல் ஆழமாகும். முகம் பெரிதாக வேண்டுமென்றால் படுக்கவைக்க வேண்டும், அப்போது நிறம் போகும். தொப்பைக்குப் பின்னால் இந்தப் பேரமும் இருக்கிறது.

இத்தனையும் எந்தக் கருவியில்? ஹனபொருவ என்கிற கைச்சாணையில். அச்சில் செங்குத்தாக ஒரு வட்டு, அதைச் சுழற்றக் கயிறு சுற்றிய வில். ஒரு கை வில்லை இழுக்கும், மறு கை கல்லை வட்டில் அழுத்தும். கோணம் அளக்கும் கருவி எதுவும் கிடையாது. பட்டைகள் சமச்சீராக இல்லை என்று குறை சொல்கிறவர்கள் ஒருமுறை இப்படித் தீட்டிப் பார்க்கலாம்.

மாற்றம் 1970களில் தாய்லாந்து வழியாக வந்தது. 'கெவுடா' என்று ஒதுக்கப்பட்ட பால்நிறக் குருந்தங்களைத் தாய்லாந்து வியாபாரிகள் இலங்கையில் மலிவாக அள்ளினார்கள். அவற்றை 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், மங்கலுக்குக் காரணமான, ரூட்டைல் என்கிற டைட்டானியக் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் கரையும். அதிலிருந்து வரும் டைட்டானியம் கல்லிலுள்ள இரும்போடு சேர்ந்து நீலத்தைக் கொடுக்கும். அப்புறம் அவை தாய்லாந்தின் சந்தபுரியிலும் பாங்காக்கிலும் மோட்டார் சாணைகளில் பட்டை தீட்டப்பட்டன. வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சு மோதிரம் செய்யும் நகைக் கம்பெனிகள். 7×5 மில்லிமீட்டர் என்றால் எல்லாக் கல்லும் 7×5 ஆகவே இருக்க வேண்டும். அங்கே தொப்பைக்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவின் இருண்ட நீலக்கற்களும் தாய்லாந்துக்குத்தான் போயின. அடர்ந்த கல்லை ஆழம் குறைத்துத் தீட்டினால் ஒளி போகும் தூரம் குறைந்து நிறம் தெளியும். அதனால் அங்கே சில கற்களில் விண்டோவை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு.

இன்று இலங்கையின் இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கோணத்தை டிகிரி சுத்தமாகப் பிடிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பெரிய, விலையுயர்ந்த கல் என்றால் கை தயங்குகிறது. 5.10 காரட் கல்லைத் திருத்தித் தீட்டி 4.80 ஆக்கினால், எடையோடு '5 காரட் கல்' என்கிற தகுதியும் போய் காரட் விலையே ஒரு படி இறங்கும். உருண்டை வைரத்துக்குப் பட்டைத் தரத்தையும் மதிப்பிட்டு ஜி.ஐ.ஏ. என்கிற அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் 2006 முதல் சான்றிதழ் தருகிறது. நிறக்கற்களுக்கு அப்படி ஒரு தரவரிசையை அது வைக்கவில்லை. திருச்சிப் பக்கம் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டிய பட்டறைகளில் இந்தத் தயக்கமே எழுந்திருக்காது. மூலக்கல் மலிவு, சீவினால் சீவியதுதான்.

கோணம் சரியாக அமைந்த கல்லும் விரலுக்கு வந்தபின் மங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ராசிக்கல் தோலில் பட வேண்டும் என்று அடியைத் திறந்து கட்டுகிறோம். அடிப்பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு படிகிறது. காற்று இருந்த இடத்தில் 1.47 அளவு ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெய் வந்து உட்கார்ந்ததும், 34.6 டிகிரியாக இருந்த மாறுநிலைக் கோணம் 56 டிகிரிக்குத் தாவிவிடும். 42 டிகிரிப் பட்டையும் அப்போது ஒழுகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும், கல்லின் முதுகைத் தேய்த்துக் கழுவுங்கள்.