முகூர்த்த டிரேடிங்: சொல் விளக்கம்

தீபாவளியையொட்டி வரும் லட்சுமி பூசை நாள் இந்தியப் பங்குச் சந்தைகளுக்கு விடுமுறை. ஆயினும் அன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டும் சந்தையைத் திறந்து நடத்தும் சிறப்பு அமர்வுக்கு 'முகூர்த்த டிரேடிங்' என்று பெயர். மும்பைப் பங்குச் சந்தையில் இவ்வழக்கம் 1957 முதல் இருந்து வருகிறது. நெடுங்காலம் மாலையில் நடந்துவந்த இந்த அமர்வு, 2025 அக்டோபர் 21 அன்று பிற்பகல் 1.45 முதல் 2.45 வரை நடந்தது.

முகூர்த்தம் வடசொல். பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளை முப்பது கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு, அதாவது 48 நிமிடம், அதன் முதற்பொருள். நாழிகைக் கணக்கில் அது இரண்டு நாழிகை. கால அளவாக இருந்த அச்சொல், சோதிட வழக்கில் நற்செயல் தொடங்கக் குறித்த வேளையைச் சுட்டலாயிற்று. தமிழ்நாட்டிலோ முகூர்த்தக்கால், முகூர்த்தப் புடவை, வளர்பிறை முகூர்த்தம் என்று அது பெரிதும் திருமணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் 'முகூர்த்த வர்த்தகம்' என்ற செய்தித் தலைப்பு, இவ்வழக்கத்தை அறியாத தமிழ் வாசகருக்குச் சந்தையைவிடக் கல்யாண மண்டபத்தையே முதலில் நினைவூட்டும்.

இவ்வழக்கத்தின் வேர் குஜராத்தி, மார்வாடி வணிகர்களின் கணக்கேட்டில் இருக்கிறது. ஐப்பசி அமாவாசையோடு பழைய ஆண்டின் கணக்கை முடித்து, புதிய ஏட்டில் 'சுபம்', 'லாபம்' என்று எழுதி, லட்சுமியின் முன் வைத்து வணங்குவதை அவர்கள் சோப்டா பூசை என்பர். சோப்டா என்றால் கணக்கேடு. அமாவாசைக்கு அடுத்த நாள் குஜராத்தில் விக்கிரம சம்வத் ஆண்டு பிறக்கிறது. 2025இல் பிறந்தது சம்வத் 2082. இன்றும் சந்தை ஆய்வாளர்கள் ஓராண்டின் ஏற்ற இறக்கத்தைச் சம்வத் கணக்கில் எடைபோடுவதுண்டு. தமிழகத்தின் தீபாவளி நரக சதுர்த்தசி விடியலை முதன்மையாகக் கொண்டது என்பதால், 2025இல் நாம் அக்டோபர் 20 அன்று பண்டிகை கொண்டாடியபோது சந்தை வழக்கம்போல் இயங்கியது. சிறப்பு அமர்வு மறுநாளே வந்தது.

ஆகவே இச்சொல்லின் உட்பொருள் புதுக்கணக்குத் தொடங்குவதுதான். அன்று பலர் ஓரிரு பங்குகளையேனும் வாங்கி வைப்பது அடையாளமாகத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் வாங்கிய பங்கு கட்டாயம் ஏறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ஓரை தொல்காப்பியத்திலேயே வரும் சொல்லாதலால் 'நல்லோரை வணிகம்' எனலாம். ஆனால் இன்று சோதிடர்கள் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று கோள்களோடு சேர்த்தே அதை ஆள்வதால், ஏதோ ஒரு கோளின் வேளை பார்த்துச் சந்தை திறக்கிறது என்ற மயக்கம் உண்டாகும். 'புதுக்கணக்கு வணிகம்' உட்பொருளுக்கு மிக நெருங்கியது. எனினும் நம்மூர்க் கடைகளில் புதுக்கணக்கு சித்திரை முதல் நாளையும் நினைவூட்டுவதால் நாள் குழம்பும். 'நன்னேர வணிகம்' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. வாணிகம் குறளிலேயே ஆளப்பட்ட சொல். நன்னேரமோ விளக்கமின்றியே எவருக்கும் புரியும். 'தீபாவளி நன்னேர வணிகம்' என்று முதல் முறை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் 'நன்னேர அமர்வு' எனச் சுருக்கிக்கொள்ளலாம்.