உங்கள் மேசைக்கு அடியில் சென்சார் இருக்கிறதா?

அலுவலகங்களில் சென்சார் பொருத்தி, எந்த இடம் எவ்வளவு பயன்படுகிறது என்று கணக்கெடுத்துச் சொல்வது என் தொழில். நிர்வாகத் தரப்பிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "மூணு மணிக்கு மேல யார் யார் சீட்ல இல்லைன்னு இதுல பார்க்க முடியுமா?" அதைச் செய்து தர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அது நியாயமில்லை என்பது ஒரு பக்கம், அந்தக் கருவிக்கு அவ்வளவு தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

மேசைக்கு அடியில் ஒட்டுவது பெரும்பாலும் பிஐஆர் சென்சார். சூடான உடல் அசைவதை மட்டுமே அது உணரும். ஒருவர் அசையாமல் உட்கார்ந்து நீளமான அறிக்கையைப் படித்தால், அதன் கணக்கில் அங்கே ஆளே இல்லை. அதனால் கடைசி அசைவுக்கு அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் ஆள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைப்போம், அப்போது டீ குடிக்கப் போனவரும் சீட்டில் இருப்பவராகிவிடுவார். நாற்காலியில் பையைப் போட்டு இடம்பிடித்துவிட்டு ஒருவர் மீட்டிங்குக்குப் போயிருந்தால் சென்சாருக்கு அது காலி இடம், இடம் தேடி வருகிறவருக்கோ அங்கே உட்கார முடியாது. சரி, வைஃபையை வைத்து எண்ணலாம் என்றால் ஒரே ஆளிடம் போனும் லேப்டாப்பும் இருக்கின்றன. நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடின் அளவும் உதவும்தான், வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருப்பது ஆள் நிறைந்த மூடிய அறையில் 1000ஐத் தாண்டும், ஆனால் எல்லோரும் கிளம்பிய பிறகும் அது மெதுவாகத்தான் இறங்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சராசரி. 100 மேசை இருக்கிற ஒரு தளத்தில் திங்கள் 30 பேர், செவ்வாய் 60, புதன் 85, வியாழன் 55, வெள்ளி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 50. அந்த ஒரு எண்ணைப் பார்த்து 40 மேசையை எடுத்துவிட்டால் புதன்கிழமை 25 பேர் லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

மீட்டிங் அறைகளிலும் இதே கதைதான். பன்னிரண்டு பேர் அறை நாள் முழுக்க 'பிஸி' என்று காட்டும், போய்ப் பார்த்தால் உள்ளே இரண்டு பேர் வீடியோ காலில் இருப்பார்கள். அங்கே தேவைப்படுவது நாலைந்து சின்ன அறைகள். எப்போதும் காலியாகக் கிடக்கும் அறை என்றால் மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும், இல்லை டிவி கேபிள் வேலை செய்யாது. எந்த இடம் காலி என்பதை டேட்டா சொல்லும், ஏன் காலி என்பதை அங்கே வேலை பார்க்கிறவர்கள்தான் சொல்ல முடியும், அவர்களிடம் கேட்காமல் எழுதுகிற ரிப்போர்ட்டை நான் நம்ப மாட்டேன்.

அவர்கள் பேச வேண்டுமென்றால் முதலில் நம்பிக்கை வேண்டும். 2016 ஜனவரியில் லண்டனில் டெலிகிராஃப் பத்திரிகை ஊழியர்கள் ஒருநாள் வேலைக்கு வந்தபோது மேசைகளுக்கு அடியில் 'ஆக்குபை' என்ற சென்சார் பெட்டிகள் இருந்தன. எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தத்தான் என்று நிர்வாகம் விளக்கியது, பத்திரிகையாளர் சங்கம் கண்டித்தது, அன்றைக்கே அவை அகற்றப்பட்டன. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தக் காரணத்தைப் பலர் ஏற்றிருக்கவும் கூடும்.

இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரும் அலுவலகத்தில் மேசைக் கணக்கு என்பது இடத்தின் கணக்கு. மேசை உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தால் அதே கணக்கு உங்களைப் பற்றிய கணக்காகிவிடுகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஆளை அடையாளம் காண முடிகிற தகவலைத்தான் தனிநபர் தரவு என்கிறது. ஆகவே நான் மேசை மேசையாக ரிப்போர்ட் தருவதில்லை, ஒரு பகுதியை மொத்தமாகச் சேர்த்து, மணி வாரியாகத்தான் தருகிறேன்.

உங்கள் மேசைக்கு அடியில் அப்படியொரு பெட்டி தென்பட்டால் தயங்காமல் கேளுங்கள். அது எதை அளக்கிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், முக்கியமாக உங்கள் அக்சஸ் கார்டு பதிவோடு அதைச் சேர்க்கிறார்களா என்று. பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.